ஆரஞ்சு பனியனுக்கு ஆறு மார்க்

மூன்று பேரும் ஆறு என்றார்கள். அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பத்துக்கு ஆறு என்பது அப்படியொன்றும் மோசமான மதிப்பெண் இல்லை. ஆனால் அதைச் சொன்ன மூன்று பேரும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. தேசியப் பெண்கள் கால்பந்து அணியின் தேர்வுக் குழுவில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து, அந்த அறையின் மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்றுகூட அவர்களால் முடிவு செய்ய முடிந்ததில்லை. தலைவருக்கு வியர்க்கும். டாக்டருக்குக் காகிதம் பறக்கும். கேப்டன் மேடத்துக்கு அவர்கள் இருவரும் என்ன சொன்னாலும் பிடிக்காது. மேடம் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கேப்டன் என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை.

அப்படிப்பட்ட மூவர் ஒருத்தியின் விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் ஆறு என்றால், அது எப்படி?

அவள் துணைப் பயிற்சியாளர். நான்கு கோச்சுகள் வந்து போயிருந்தார்கள். அவள் நால்வருக்கும் துணையாகவே இருந்தாள். அதனால் அவளைக் கூப்பிடும் பெயரே 'துணை' என்றாகிவிட்டது. வீட்டில் கணவர்கூட சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுவார். குழு கூடும்போது அவளும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம். பேசலாம். ஆனால் ஓட்டு கிடையாது.

அடுத்த நான்கு வருடச் சுற்றுக்கான அணியைத் தேர்ந்தெடுக்கும் வாரம் அது. முறை எளிதானது. இரண்டு தேர்வு ஆட்டங்கள். கோச்சின் மனதில் முதல் இடத்தில் இருப்பவர்கள் ஆரஞ்சு பனியன் போடுவார்கள். அவர்கள் இடத்துக்குப் போட்டி போடுபவர்கள் பச்சை. ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஆபீஸ் அறையில் குழு கூடும். கோச் ஒவ்வொரு இடமாகச் சொல்ல, மூவரும் வாய்விட்டு மதிப்பெண் சொல்வார்கள். முதல் ஆட்டம் அன்று காலை முடிந்திருந்தது. இரண்டாவது ஆட்டம் சனிக்கிழமை. இரண்டையும் கூட்டிப் பார்த்து அணி அறிவிக்கப்படும்.

கோல்கீப்பருக்குத் தலைவர் எட்டு சொன்னார், மேடம் ஐந்து சொன்னார். அதற்கே ஒரு குட்டிப் போர் நடந்தது. நடு வரிசையில் ஆடியவளுக்கு டாக்டர் ஒன்பது போட, "அவ உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து போற பொண்ணா?" என்று மேடம் கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிறகு கோச் சொன்னார்: "ரைட் பேக். ஆரஞ்சு."

வலப் பக்கத் தற்காப்பு. அந்த இடத்தில் ஆடியவளைத் தோழிகள் 'தாழ்ப்பாள்' என்பார்கள். அவள் நிற்கும் பக்கம் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

"ஆறு," என்றார் தலைவர்.

"ஆறு," என்றார் டாக்டர்.

"ஆறுதான்," என்றார் மேடம். அந்த 'தான்' ஒன்றுதான் அவருடைய எதிர்ப்பு.

"ரைட் பேக். பச்சை."

பச்சையில் ஆடியவளின் பட்டப்பெயர் 'ரயில்'. நேர்கோட்டில் ஓடுவாள், வளைவு வந்தால் தடம் புரளுவாள். அவளுக்கு எட்டு, ஏழு, எட்டு.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் துணை. "தாழ்ப்பாள் என்ன தப்பு பண்ணா?"

தலைவர் யோசித்தார். "தப்புன்னு ஒண்ணும் பண்ணல."

"அப்ப என்ன நல்லா பண்ணா?"

"அப்படியும் ஒண்ணும் ஞாபகம் இல்லையே. சுமாரா ஆடினா. அதான் ஆறு."

"அவ பக்கம் ஒரு பந்துகூட உள்ள போகல சார். பச்சை டீம் அந்தப் பக்கம் வர்றதையே பாதி ஆட்டத்துல விட்டுட்டாங்க."

"அப்ப அவளுக்கு வேலையே இல்லன்னு சொல்லு," என்றார் மேடம். தலைவர் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். கோச் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

துணைக்குக் காது சுட்டது. கதவைச் சாத்தி வைத்தவளைப் பார்த்து, 'கதவு சும்மாதானே நிற்கிறது' என்று சொல்கிறார்கள். ஆட்டம் முழுக்கத் துணை, குழு உட்காரும் கேலரிக்கு நேர் எதிர்க்கோட்டில், தண்ணீர்ப் பெட்டியும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சும் இருக்கும் பக்கம் நின்றிருந்தாள். தாழ்ப்பாள் அவள் கண்முன்னேதான் ஆடினாள். எதிரி பந்தை வாங்குவதற்கு முன்பே அவள் எங்கே நகர்கிறாள், உடம்பை எப்படித் திருப்பி வழியை அடைக்கிறாள், எதிரி வேறு வழியில்லாமல் பந்தை எப்படிப் பின்னால் தள்ளிவிடுகிறாள் என்று ஒவ்வொன்றையும் பார்த்தவள். ஒன்பது போட்டிருப்பாள். ஓட்டு இருந்திருந்தால்.

ரயில் நல்ல பெண்தான். ஆனால் போன சுற்றிலும் இப்படித்தான் பச்சையிலிருந்து ஒருத்தியை ரைட் பேக்காக எடுத்தார்கள். போட்டியில் வாங்கிய கோல்கள் எல்லாம் அந்த ஒரு பக்கமாகவே வந்தன, ஏதோ திறந்த வீட்டுக்குள் நுழைவது போல. அதற்கும் முன்பும் அப்படியே. நம் நாட்டில் நல்ல ரைட் பேக்கே பிறப்பதில்லை என்று தலைவர் பேட்டியெல்லாம் கொடுத்தார்.

உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் மட்டும் இருந்தாள். பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இந்த வாரத்துக்கு மட்டும் விடுப்பு. அணியில் இடம் கிடைத்தால் நீண்ட விடுப்பு தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி கவுன்ட்டர்.

"எவ்வளவுக்கா?"

சொல்லக் கூடாது. ஆனால் அவளிடம் பொய் சொல்லவும் வரவில்லை. "ஆறு."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

தாழ்ப்பாள் தலையை ஆட்டினாள். அழவில்லை, அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "போன தடவையும் மூணு பேரும் ஆறு. எனக்கு இருபத்தாறு ஆச்சுக்கா. இந்தச் சுற்று போச்சுன்னா அடுத்ததுக்கு முப்பது. முப்பது வயசு ரைட் பேக்கை யார் புதுசா எடுப்பாங்க? இதோட சரி."

"சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்குடி."

"சனிக்கிழமையும் ஆரஞ்சுதானே போடணும்?" குச்சியைத் தூக்கிப் போட்டாள். "ஒண்ணு சொல்லவா, சிரிக்கக் கூடாது. பதினெட்டு வயசுல முதல்தடவை வந்தேன்ல, அப்ப பச்சை. எனக்கு ஒண்ணுமே தெரியாது அப்ப. பந்தைப் பாத்தா ஓடுவேன், அவ்வளவுதான். எட்டு போட்டாங்க. மாற்று ஆளா டீம்ல கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் ஆட்டம் கத்துக்கிட்டேன். 'நீதான் பெஸ்ட்'னு ஆரஞ்சு குடுத்தாங்க. அன்னிலேருந்து ஆறு. ஆரஞ்சு எனக்கு ராசியில்லக்கா."

"ராசியாம். பனியன் என்னடி பண்ணும்?"

"அப்ப நீங்க சொல்லுங்க, என்ன காரணம்னு."



அன்று சாயங்காலம் வீட்டில் ஊரிலிருந்து வந்த நாத்தனார் இருந்தாள். நாத்தனார் வந்தால் வீட்டில் தொலைக்காட்சியும் அவளும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். துணை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, பச்சைக்கு எட்டு, ஆரஞ்சுக்கு ஆறு என்று மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த ப்ளவுஸ் எப்படியிருக்கு? புது டெய்லர்," என்று பின்னால் குரல் வந்தது.

"பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு," என்றாள் துணை.

நாத்தனார் சொன்னாள்: "முதுகு காட்டிக்கிட்டே பரவாயில்லங்கறீங்களே, உங்களுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கா? அண்ணே, இங்க வந்து உன் பெண்டாட்டியைப் பாரு."

கணவர் அறைவாசலில் வந்து நின்றார். "நான் புதுச் சட்டை போட்டாலும் எனக்கும் இதே 'பரவாயில்ல'தான் கிடைக்கும். நீ ஏன் கோச்சுக்கறே?"

துணை கத்தியைக் கீழே வைத்தாள். திரும்பி ப்ளவுஸைப் பார்த்தாள். இப்போது பார்த்ததும் சொல்வதற்கு நிறைய இருந்தது. கழுத்து அழகாக இறங்கியிருந்தது, இடது கை மட்டும் ஒரு விரற்கடை தூக்கியிருந்தது, முதுகுப் பக்கம் தையல் சுருங்கியிருந்தது. பார்க்காதபோது வாயில் வந்தது ஒரே ஒரு சொல். நல்லது என்றும் சொல்லாமல், கெட்டது என்றும் சொல்லாமல், யாரும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாத ஒரு சொல்.

பார்த்தவர்கள் சண்டை போடுவார்கள். ஒருவர் கழுத்தைப் பார்ப்பார், ஒருவர் கையைப் பார்ப்பார். பார்க்காதவர்கள்தான் ஒத்துப்போவார்கள்.

"இடது கை தூக்கியிருக்கு," என்றாள்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன," என்று நாத்தனார் கண்ணாடியைத் தேடிப் போனாள்.

ஆக, அந்த மூவரும் தாழ்ப்பாளைப் பார்க்கவே இல்லை. இது ஒரு பாதிதான். மூன்று பேர், அதற்கென்றே நாற்காலி போட்டு, ஒன்றரை மணி நேரம் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, ஒருத்தியை மட்டும் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்?

மறுநாள் காலை, ஆட்டம் நடந்த அதே வேளையில், அவள் கேலரிக்கு ஏறினாள். இத்தனை வருடத்தில் அங்கே உட்கார்ந்ததே இல்லை என்பது படியேறும்போதுதான் உறைத்தது. துணைப் பயிற்சியாளரின் இடம் புல்லில். கூரைக்குக் கீழே நாற்காலி குழுவுக்குத்தான். தலைவரின் நாற்காலியில் மெத்தை இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

கீழே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கேலரியை ஒட்டிய பக்கக் கோட்டில் ஓடுபவர்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பது தெரிந்தது. ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டியதும் தெரிந்தது. இங்கே ஆடும் யாருக்கும் மதிப்பெண் போடுவது சுலபம்.

பிறகு எதிர்க்கோட்டைப் பார்த்தாள். கண் கூசியது.

அந்தக் கேலரியைக் கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆட்டங்கள் சாயங்காலம் நடக்கும் என்று நினைத்து, சாயங்கால வெயில் பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால் விழும்படி கட்டியிருந்தார்கள். தேர்வு ஆட்டங்களை மட்டும் காலையில் வைத்தார்கள். காலையில் சூரியன் எதிர்ப் பக்கத்து மரங்களுக்கு மேலே, நேராக முகத்தில் அடித்தது. அந்தக் கோட்டில் நின்றவர்கள் எல்லாரும் கறுப்பு உருவங்கள். எண் தெரியவில்லை. பனியனின் நிறம் பாதி ஊகம். மைதானத்தின் அகலத்தையும் கடந்து வெயிலுக்குள் பார்க்க வேண்டும். யார் அவ்வளவு பாடுபடுவார்கள்? பந்து அங்கே போனாலாவது கண் போகும். தாழ்ப்பாள் இருந்தால் பந்தும் போகாது.

நல்லது. ஆனால் ரயிலும் ரைட் பேக்தானே. அவளுக்கு எப்படி எட்டு?

துணை இரண்டு செருப்புகளையும் கழற்றினாள். அவளுக்கு எதையும் கையால் தொட்டு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு செருப்பை முனை இடது கைப்பக்கம் இருக்கும்படி முன்னாலிருந்த படியில் வைத்தாள். இது ஆரஞ்சு, ஆரஞ்சு எப்போதும் இடது கைப்பக்கக் கோலை நோக்கித்தான் தாக்கும். இன்னொன்றை முனை வலது கைப்பக்கம் இருக்கும்படி வைத்தாள். இது பச்சை.

இடது பக்கம் பார்த்து நிற்கிற செருப்புக்குள் தானே நிற்பதாக நினைத்துக்கொண்டாள். அவளுடைய வலது கை எங்கே போகிறது? மைதானத்தின் அந்தக் கோடிக்கு, வெயிலுக்குள். எதிர்த்திசை பார்க்கிற செருப்பில் நின்றால் வலது கை எங்கே? இங்கே, மெத்தை நாற்காலிக்குப் பக்கத்தில்.

ஆரஞ்சின் ரைட் பேக் தூரத்தில். பச்சையின் ரைட் பேக் மடியில். பனியனுக்கு ராசியும் இல்லை, கிரகமும் இல்லை. திசைதான் இருந்தது. சரிபார்க்க இன்னொன்று யோசித்தாள்: இது உண்மையானால் பச்சையின் லெஃப்ட் பேக்கும் வெயிலுக்குள்தான் நிற்பாள், அவளுக்கும் ஆறு விழுந்திருக்க வேண்டும். நேற்று அறையில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆறு, ஆறு, ஆறு. பச்சைதானே என்று யாரும் கவலைப்படவில்லை. துணையும்தான்.

சாதாரண ஆட்டமென்றால் பாதியில் பக்கம் மாறும், தூரத்தில் இருந்தவள் அருகே வருவாள், கணக்கு நேராகிவிடும். ஆனால் தேர்வு ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும், பக்கம் மாறுவதில்லை. அது தலைவர் கொண்டுவந்த விதி. மேடையேறும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வார்: ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே திசை, அப்போதுதான் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும், இந்த வருடத்தையும் போன வருடத்தையும் நியாயமாக ஒப்பிட முடியும்.

துணை செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கோபத்தில் கால் மாறி மாட்டியிருந்தது மூன்றாவது படியில்தான் தெரிந்தது. இரண்டு சுற்று. ஒரு பெண்ணைத் 'திறமைசாலி' என்று பொறுக்கியெடுத்து, அதற்குப் பரிசாக யாரும் பார்க்க முடியாத இடத்தில் நிறுத்தி, பிறகு ஒன்றும் தெரியவில்லையே என்று உதட்டைப் பிதுக்கி, அதற்கு நியாயம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் குழு கூடியது. மின்விசிறிச் சண்டை முடிந்ததும் துணை எழுந்து நின்றாள்.

"துணைக்கு ஓட்டு கிடையாதே," என்றார் தலைவர், சிரித்துக்கொண்டே.

"ஓட்டு வேண்டாம் சார். ஒரு சின்னக் கேள்வி. முதல் ஆட்டத்துல தாழ்ப்பாள் முட்டியில வெள்ளைக் கட்டுப் போட்டு ஆடினாளே, அது எந்த முட்டி?"

"இடது," என்றார் டாக்டர் உடனே. "நானே கேக்கணும்னு இருந்தேன். வீக்கம் இருக்கும்."

"வலது," என்றார் மேடம். "நான் நல்லா பாத்தேன்."

"எந்த முட்டியா இருந்தா என்ன?" என்றார் தலைவர். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கட்டே இல்ல சார்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோச் முதல்முறையாகத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எங்களை வச்சு வேடிக்கை பண்றியா?" தலைவரின் முகம் சிவந்தது. "நான் இந்த மைதானத்துல ஆடறப்ப நீ பிறக்கவே இல்ல."

"வேடிக்கை நான் பண்ணல சார். ஒருத்தியை ரெண்டு சுற்றா பாக்காமலே மார்க் போடறீங்க. 'பாக்கல'ன்னு சொல்லியிருந்தா அவ மறுபடி ஆடிக் காட்டியிருப்பா. நீங்க ஆறுன்னு சொல்லிட்டீங்க. கேட்டா மரியாதையான மார்க். சண்டை வராது. அவ வீட்டுக்குப் போயிடுவா. பூஜ்யம் போட்டிருந்தாகூட ஏன்னு கேட்டிருக்கலாம் சார், இந்த ஆறை என்னன்னு கேக்கறது?" குரல் உயர்ந்தது அவளுக்கே தெரிந்தது. தாழ்த்த மனமில்லை. "வெளிய வாங்க. அஞ்சு நிமிஷம்."

மேடம்தான் முதலில் எழுந்தார். எதிர்ப்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

எதிர்க்கோட்டில் இரண்டு பேரை அவள் முன்பே நிற்கச் சொல்லியிருந்தாள். தாழ்ப்பாள் ஒருத்தி, ரயில் ஒருத்தி. நால்வரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவள் கையைத் தூக்கியதும் தூரத்தில் இரண்டு உருவங்களும் ஓட ஆரம்பித்தன.

"இதுல தாழ்ப்பாள் யாரு?"

மேடம் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். டாக்டர் எழுந்து நின்று பார்த்தார். தலைவர் மெத்தையின் நுனிக்கு நகர்ந்து கண்ணைச் சுருக்கினார்.

"முன்னால ஓடறது," என்றார் மேடம்.

இருவரும் மைதானத்தைக் குறுக்கே கடந்து அருகே வந்தார்கள். முன்னால் ஓடியது ரயில். மூச்சு வாங்க நின்றவள், யாரும் கேட்காமலே சொன்னாள்: "சார், எட்டு எனக்கு ரொம்ப ஜாஸ்தின்னு எனக்கே தெரியும். இவ முன்னாடி ஆடிப் பாத்தவங்க கிட்ட கேளுங்க."

"நீ சும்மா இருடி," என்றாள் தாழ்ப்பாள்.

துணை மறுபடி செருப்புகளைக் கழற்றிப் படியில் வைத்து, எந்தப் பனியன் எந்தப் பக்கம் பார்க்கும், யாருடைய வலது கை எங்கே போகும் என்று காட்டினாள். டாக்டர் குனிந்து, ஒரு செருப்பைத் தானே திருப்பி வைத்துப் பார்த்து, "அட, ஆமா," என்றார். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

தலைவருக்கு இல்லை. "அந்த விதி நியாயத்துக்காகப் போட்டது," என்றார்.

"உங்க நியாயம் ஒரே பக்கமா உக்காந்திருக்கு சார்."

"சரி, குறை இருக்குன்னே வச்சுக்குவோம். முதல் ஆட்டம் ஒரு மாதிரி, ரெண்டாவது இன்னொரு மாதிரி நடத்தினா நாலு பேர் கேள்வி கேப்பாங்க. அடுத்த சுற்றுல மாத்திக்கலாம். பதிவு பண்ணிக்கறேன்."

"அடுத்த சுற்றுன்னா நாலு வருஷம். அவளுக்கு முப்பது." துணை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேசியதால் தலைவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "நாளைக்கு வெயில் இதே இடத்துலதான் இருக்கும் சார். நாளைக்கும் ஆறுதான் வரும். தெரியாம பண்ணின வரைக்கும் அது தப்பு. இனிமே பண்ணா அதுக்கு வேற பேரு."

கோச் தொண்டையைச் செருமினார். அவர் அந்த வாரம் முழுக்கச் சொன்னதில் இடங்களின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

"தேர்வு பண்றது குழு," என்றார். "ஆட்டத்தை நடத்தறது நான். யார் எந்தப் பக்கம் ஆடணும்கிறது என் வேலை. நாளைக்கு ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறும்."

"மூணு பகுதியாச்சே," என்றார் டாக்டர். "ரெண்டு தடவை ஒரு பக்கம், ஒரு தடவை இன்னொரு பக்கம். அப்பவும் சமமா வராதே." கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "நாலா பிரிங்க."

"நாலு," என்றார் கோச்.

"நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்," என்றார் மேடம். "எனக்கு ஒரு குடை குடுங்க. இவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல உக்காந்து உக்காந்து எனக்கும் அலுத்துப்போச்சு."

தலைவர் மெத்தையைத் தட்டிச் சரிசெய்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கோச் "ரைட் பேக், ஆரஞ்சு" என்றபோது அறையில் வெடித்தது. டாக்டர் ஒன்பது. தலைவர் ஏழு, பந்தைத் தட்டிவிடுவதோடு நிற்கிறாள், முன்னால் கொண்டுபோவதில்லை என்றார். மேடம் ஐந்து; மூன்றாம் பகுதியில் அவள் கோட்டை விட்டு உள்ளே வந்து நின்றதைக் குடைக்குள்ளிருந்து பார்த்ததாகச் சொன்னார். அது தவறில்லை, நடுவில் இருந்தவள் விழுந்துவிட்டதால் அந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தாள் என்று தலைவர் வாதாடினார். தாழ்ப்பாளுக்காகத் தலைவர் வாதாடியதைத் துணை அன்றுதான் பார்த்தாள். வெகுநேரம் சண்டை நடந்தது. கடைசியில் மேடம் ஐந்தை ஏழாக்கினார், முணுமுணுத்துக்கொண்டே. ரயிலுக்கு ஆறு, ஐந்து, ஏழு. அதற்கும் சண்டை. பார்க்காமல் போட்ட ஆறுகள் இருப்பதால் முதல் ஆட்டத்து மதிப்பெண்களையே கூட்டலில் சேர்ப்பதில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருமனதாக அவர்கள் எடுத்த உருப்படியான முடிவு அது.

பச்சையின் லெஃப்ட் பேக் வந்தபோது, தலைவர் கொஞ்சம் தயங்கினார். கடைசிப் பகுதியில் அவர் தொலைபேசியில் பேசப் போயிருந்தார்.

"நான் இவளைச் சரியா பாக்கல," என்றார். அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடவைப்பது என்று முடிவானது.

தாழ்ப்பாள் வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். துணை அருகில் போய் உட்கார்ந்தாள்.

"முதலாளி கிட்ட சொல்லிடு. திங்கட்கிழமை கவுன்ட்டருக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."

தாழ்ப்பாள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். பிறகு துண்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "எவ்வளவுக்கா?"

"ஒன்பது, ஏழு. மேடம் முதல்ல அஞ்சு போட்டாங்க."

"அஞ்சா?" துண்டு இறங்கியது. கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் சண்டைக்குத் தயாராக இருந்தது. "மூணாவது பகுதியில உள்ள வந்து நின்னேனே, அதுக்கா? அது அடைக்கத்தான் வந்தேன். மேடத்துக்குப் புரியலையா?"

"போய் நீயே சண்டை போடு."

"போடத்தான் போறேன்," என்றாள் தாழ்ப்பாள். பிறகு மெதுவாக, "பாத்துட்டாங்கல்லக்கா," என்றாள்.

அன்று சாயங்காலமே கோச் ஆபீஸ் அறைப் பலகையைத் துடைத்துவிட்டு, இனி நடக்கும் தேர்வு ஆட்டங்களுக்கெல்லாம் பொருந்தும்படி ஐந்து வரி எழுதி வைத்தார். ஆட்டம் நான்கு பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இரு அணியும் பக்கம் மாற வேண்டும். தேர்வாளர்களில் ஒருவர் எதிர்க்கோட்டில் உட்கார வேண்டும். ஒருத்தியைச் சரியாகப் பார்க்காதவர் எண் சொல்லாமல் 'பார்க்கவில்லை' என்று சொல்ல வேண்டும். அவள் மறுபடி ஆடுவாள்.